ஏழு விதை, ஒன்பது முளை

1

இந்தக் கதையை நான் உருவாக்கவில்லை. ஒட்டுக் கேட்டேன்.

நான் குடியிருப்பது மாடியில். தரை தேவதாருப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும். கீழே ஹயாத் சிங்கின் அடுக்களை. அங்கே வெங்காயம் அரிந்தால் எனக்குக் கண் எரியும். சண்டை வந்தால் பேனாவை எடுப்பேன். ஆகவே இதில் வரும் பேச்சு பெரும்பாலும் சரியாக இருக்கும். முகங்கள் என் ஊகம். பலகை இடுக்கில் மனிதர்களின் உச்சி மட்டும்தான் தெரியும்.

(இந்தக் குமாவுன் மலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். இவர்களுடைய உச்சியைப் பார்த்தே என்ன மனநிலை என்று சொல்வேன்.)

2

முதல் தொடக்கம்: "ஹயாத் சிங்கின் வீட்டு உத்தரத்தில் ஒரு டின் கஞ்சா விதை தொங்கியது."

அடித்துவிட்டேன். கஞ்சா என்ற சொல்லைக் கண்டதும் நீங்கள் நிமிர்ந்து அறையில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று பார்த்தீர்கள். தமிழில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். இங்கே ஓர் அம்மிக்கல் நிற்கிறது. செடி அதேதான். ஆனால் விதையில் மயக்கம் கிடையாது. வறுத்து, பச்சை மிளகாயும் உப்பும் வைத்து அரைத்து, மலை எலுமிச்சை பிழிந்தால் சட்னி. இவர்கள் பாங் என்கிறார்கள். இனி நானும்.

இரண்டாவது தொடக்கம்: "தம்பி வராத இன்னொரு பங்குனியில் சருலி வாசலில் நின்று பாதையைப்"

பார்த்தாள் என்று முடிக்க வேண்டும். முடியவில்லை. சருலியை எனக்குத் தெரியும். அவள் பாதையைப் பார்க்கிறவள் இல்லை. பாதைதான் அவளைப் பார்த்து ஒதுங்கும்.

மூன்றாவது தொடக்கம் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

3

கீழ்வீட்டில் மூன்று பேர். ஹயாத் சிங். மனைவி தேபுலி. மகள் நீமா, குளிர்காலம் தொடங்கும்போது அவளுக்குக் கல்யாணம். ஹயாத்தின் அக்கா சருலி ஆற்றுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவள்.

இங்கே சைத் மாதம், அதாவது நம் பங்குனி, பிறந்தால் சகோதரன் பலகாரமும் துணியும் எடுத்துக்கொண்டு கல்யாணமான அக்கா தங்கையைப் பார்க்கப் போவான். இந்தச் சீருக்குப் பிட்டௌலி என்று பெயர். போகாதவனுக்கும் ஒரு பெயர் உண்டு. அச்சில் ஏற்ற முடியாது.

பதினொரு வருடத்துக்கு முந்தைய சைத்தில் சருலி சொல்லியனுப்பினாள்: "துணியெல்லாம் வேணாம். அம்மாவோட பாங் விதை ரெண்டு பிடி கொண்டா. இங்க விளையிறது சட்னியாகுது, ருசியாக மாட்டேங்குது."

ஹயாத் கொண்டுபோனான். அவள் விதைத்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

தேபுலியின் அடுக்களையில் இரண்டு டின். ஒரே அளவு, ஒரே துரு. ஒன்றில் விதைப்பதற்கான பச்சை விதை. மற்றதில் சட்னிக்கு வறுத்துவைத்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். சருலிக்கும் தெரியும். அவள் ஆற்றைத் தாண்டி வந்தாள். (கதை இங்கே தொடங்கியிருக்க வேண்டும்.) உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினாள்.

"வறுத்ததைக் கொடுத்திருக்கேடா. பிட்டௌலியில வறுத்த விதை! என் மாமியா ஊரைக் கூட்டி வச்சுச் சிரிக்கிறா."

"பச்சை விதைதான் தீதி. சத்தியமா பச்சை." (தீதி என்றால் அக்கா.)

"அப்ப என் மண்ணு மலடா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னே?"

ஹயாத் யோசித்தான். வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை. அவள் போனதும், கனம் குறைந்திருந்த டின்னை எடுத்துக் கம்பியால் சுற்றி, உள் அறை உத்தரத்தில் தொங்கவிட்டான். சாட்சி. ஒரு கைப்பிடி முளைக்கவைத்துக் காட்டியிருக்கலாம். "என் சொல்லை நம்பாதவளுக்கு நான் ஏன் முளைக்கவச்சுக் காட்டணும்?" என்றான். அடுத்த சைத்தில் போகவில்லை. அதற்கடுத்ததிலும்.

அந்த நாட்களில் மாடிக்கு வெங்காய வாசனை மட்டும் வந்தது.

4

இந்த மலையில் கல்யாணத்துக்கு முதலில் மங்கலப் பாட்டு எடுக்க வேண்டும். எடுப்பது அத்தை. இந்த வீட்டுப் பாட்டு சருலிக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். தேபுலிக்குப் பிள்ளையார் வரைதான் தெரியும். அதற்கப்புறம் வரும் தெய்வங்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குப் பயம்.

இந்த சைத்தில் நீமா ஆற்றைத் தாண்டிப் போய் அத்தையைக் கூப்பிட்டாள். திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"பூவா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அந்த டின்ல இருக்கிறதுல ஒண்ணே ஒண்ணு முளைக்கட்டுமாம், வராங்களாம். இல்லேன்னா பாட்டை டேப்ல போட்டுக்கணுமாம், காக்கா."

(சித்தப்பாவை இங்கே காக்கா என்பார்கள். நான் காக்காவாகி வெகு காலம் ஆகிறது. அத்தை பூவா. நமக்குப் பூவா என்றால் சோறு. நீமா அத்தை வீட்டிலிருந்து சாப்பிடாமல் வந்திருந்தாள்.)

5

ஹயாத்தின் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நிரபராதி ஏன் பதினொரு வருடம் காத்திருந்தான்? முதல் பிரதியில் அவனை ரோஷக்காரனாக எழுதினேன். இரண்டாம் பிரதியில் சோம்பேறியாக. இரண்டும் அவனுக்குப் பொருந்தின. இரண்டும் போதவில்லை.

அவனையே கேட்கலாம் என்று இறங்கினேன். அதற்குள் அவன் கேட்டான்.

"எங்களைப் பத்தித்தானே எழுதுறீங்க, தாஜ்யூ?" (தாஜ்யூ என்றால் அண்ணன். நரைத்த பிறகு கிடைத்த பதவி. நீமாவுக்கு இன்னும் சித்தப்பாதான்.)

"ஆமா."

"என் பேரை மாத்திடுங்க."

"மாத்திட்டேன்."

"என்ன பேரு?"

"ஹயாத் சிங்."

முகம் சுருங்கியது. எதிரே நின்றதால் இந்த ஒரு முகம் ஊகம் இல்லை.

"அது மேல்கரையில என் எருமையைக் கல்லால அடிச்சவன் பேரு. அவன் பேரையா எனக்கு வைப்பீங்க?"

மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை. பக்கம் ஓடிவிட்டது.

6

கம்பியை அறுத்து டின்னை முறத்தில் கவிழ்த்தார்கள். அடியில் துரு ஓட்டை. கொட்டியது தூசியும் தோலும் எலிப் புழுக்கையும்.

"எலி தின்னுருக்கு," என்றான் ஹயாத். குரலில் மகிழ்ச்சி. "எலி தின்னா பச்சை விதைன்னு அர்த்தம்."

"வறுத்ததையும் தின்னும்," என்றாள் தேபுலி. "போன வாரம் சோப்பைத் தின்னுச்சு."

ஊதிப் புடைத்துப் பார்த்ததில் முழுசாக ஏழு விதை. சாம்பல் நிறம், மேலே கோலம் போட்டாற்போலக் கோடு. ஹயாத் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவற்றோடு தனியாகப் பேச விரும்புகிறவன் போல நின்றான்.

நீமா கைபேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் பழைய பாங் விதையை முளைக்கவைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். தோல் இறுகியிருக்கும். லேசாக உரச வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஊற வேண்டும். பிறகு ஈரத் துணி, இருட்டு, உடம்புச் சூடு.

உரசியது தீப்பெட்டிக்குள். தீக்குச்சி கிழிக்கும் பட்டையைக் கிழித்து உள்ளே ஒட்டி, விதைகளைப் போட்டுக் குலுக்கினாள். "அதிகமா உரசாதடி, பத்திக்கப்போகுது," என்றான் ஹயாத். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

உடம்புச் சூட்டுக்கு எந்த உடம்பு என்று பேச்சு வந்தது. எருமை என்றாள் தேபுலி. எருமை புரண்டு படுக்கும் என்றான் ஹயாத். முடிவில் ஈரத் துணியை மடித்துத் தன் தலையில் வைத்து, மேலே கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டான். படுக்கப்போகும்போது மட்டும் அடுப்பு மாடத்தில் வைப்பான்.

எனக்கு இது பெரிய இழப்பு. அவன் உச்சியைப் பார்த்துத்தான் நான் அவனை எழுதிவந்தேன்.

7

கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் பண்டிதர் வந்தார். ஹயாத்தின் நெற்றியில் திலகம் வைத்தார். அது வழிந்தது. துடைத்து மறுபடி வைத்தார். மறுபடி வழிந்தது.

"காய்ச்சலா ஐயா?"

"இல்ல, பண்டிஜி."

"வேர்த்துக் கொட்டுதே. தொப்பியைக் கழட்டுங்க."

"கழட்ட முடியாது. விதை போட்டிருக்கேன்."

"எங்க?"

"தலையில."

பண்டிதர் தேபுலியிடம் திரும்பினார். "பொண்ணு கல்யாணம் வந்தா சில தகப்பனுக்கு இப்படி ஆகும். மோர் குடுங்க."

(பண்டிதர் இத்துடன் கதையிலிருந்து போகிறார். நல்ல பாத்திரம். ஆனால் அவரை வைத்துக்கொண்டால் மதிய உணவு போட வேண்டியிருக்கும்.)

8

இங்கே எனக்கு ஒரு சபலம் வந்ததைச் சொல்ல வேண்டும். 'முளைத்தது' என்று ஒரு சொல் எழுதினால் போதும். முளைத்துவிடும். எழுதுகிறவனுக்குத் தண்ணீர் வேண்டாம், சூடு வேண்டாம், தொப்பி வேண்டாம். எழுதினேன். காகிதத்தில் சருலி வந்தாள், தம்பியைக் கட்டிக்கொண்டாள், எல்லோரும் அழுதார்கள். வாசித்துப் பார்த்தேன். வறுத்த வாசனை அடித்தது. கிழித்தேன்.

காத்திருப்பது என்று முடிவு செய்தேன். நானும் பலகையில் காது வைத்துப் படுத்தேன்.

துணியைப் பிரித்தது ஒரு காலைப் பொழுதில். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஹயாத்தின் குரல். "ஒண்ணு." நிறுத்தம். "ரெண்டு. ஏ தேபுலி, ரெண்டு!" மூன்று, நான்கு என்று குரல் ஏறிக்கொண்டே போனது. ஏழில் அது கத்தலாக இருந்தது. மாட்டுக் கொட்டிலில் எருமை பதில் சொன்னது.

பிறகு, மிகத் தாழ்ந்த குரலில்: "எட்டு."

இடைவெளி.

"ஒன்பது."

மூன்று உச்சிகளும் அசையாமல் நின்றன.

"ஏழுதானே போட்டோம்?" என்றான் ஹயாத்.

"ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்கும்," என்றாள் தேபுலி.

9

மாடிப்படி என்பது இந்த வீட்டின் பாவமன்னிப்புக் கூண்டு. அன்றே நீமா வந்து உட்கார்ந்தாள்.

"காக்கா, எழுத மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"பக்கத்து வீட்லேர்ந்து ஒரு புது விதை வாங்கி மாடத்துல இருந்த துணிக்குள்ள வச்சேன். ஒண்ணுதான். பாட்டு வேணும் எனக்கு. டேப்ல கல்யாணம் பண்ணிக்கச் சொல்றாங்க."

அவள் போன பிறகு தேபுலி வந்தாள். அவள் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சேர்த்தேன், தாஜ்யூ. அந்த ஆளு தலையில தண்ணி சொட்டச் சொட்டத் திரியிறதை எவ்வளவு நாள் பார்க்கிறது."

ஆளுக்கு ஒன்று என்றால் பழைய விதை ஏழும் முளைத்ததாகிறது. துருப்பிடித்த டின்னில் இத்தனை வருடம் கிடந்த விதையில் ஒன்றிரண்டு முளைத்தாலே அதிசயம். ஆகவே யாரோ குறைத்துச் சொல்கிறார்கள். அல்லது இருவரும். அல்லது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் எல்லா விதையும் ஒரே நிறம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹயாத் தொங்கவிட்டது ஒரு டின். அடுக்களையில் தங்கியது மற்றது. அதில் இருந்தது வறுத்ததா பச்சையா என்று தேபுலிக்குத் தெரிந்திருக்கும். இரண்டில் ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரியும்.

"அந்த இன்னொரு டின்ல என்ன இருந்துச்சு?" என்று அவளைக் கேட்டேன்.

"அதாலதானே வீட்ல சண்டைன்னு அன்னைக்கே எருமைக்கு வச்சிட்டேன்."

"பார்க்காமலா?"

"பார்த்தேன்."

"என்ன இருந்துச்சு?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்த வாரம் எருமை நல்லா பால் குடுத்துச்சு தாஜ்யூ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

10

நீமா போனில் சொன்ன மறுநாளே சருலி வந்தாள். மேலிருந்து பார்த்தபோது பச்சை முக்காடு. அதைச் சுற்றி மூன்று உச்சிகள். ஹயாத் தொப்பி இல்லாமல் இருந்தான். முன்பைவிட வழுக்கை.

"சைத்துல தம்பி அக்காவைப் பார்க்க வரணும். அக்கா தம்பியைப் பார்க்க வந்திருக்கேன். ஊரு சிரிக்கட்டும். எங்க, காட்டு."

துணியைப் பிரித்தார்கள்.

"எத்தனை?"

"ஒன்பது, தீதி."

"போட்டது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. நான் மேலே பலகையில் காதை அழுத்தினேன்.

"ஏழு."

"ஏழு போட்டு ஒன்பதா? நல்ல டின்னா இருக்கே. என் பென்ஷனையும் கொஞ்ச நாள் இதுல போட்டு வை."

"டீ ஆறுது தீதி," என்றாள் தேபுலி.

"ஆறட்டும். அந்த ரெண்டு யாரு வச்சது?"

தேபுலியின் தலையும் நீமாவின் தலையும் ஒரே நேரத்தில் அடுப்பின் பக்கம் திரும்பின. அடுப்பு அணைந்திருந்தது.

சருலி டின்னைக் கேட்டாள். வாங்கிக் கவிழ்த்து, உள்ளங்கையில் ஓங்கித் தட்டினாள். துரு உதிர்ந்தது. மறுபடி தட்டினாள். மடிப்பில் சிக்கியிருந்த ஒரு விதை விழுந்தது.

"கடிச்சா தெரியும்," என்றாள். "பச்சைன்னா உள்ள வெள்ளை. வறுத்ததுன்னா பழுப்பு. நூறு வருஷமானாலும் அதான்."

"இதை ஏன் இத்தனை வருஷமா யாரும் பண்ணல?" என்றாள் நீமா.

இந்தக் கேள்வியை நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே கேட்டிருப்பீர்கள். கேட்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் வேகமாக எழுதினேன்.

பதில் ஹயாத்திடமிருந்து வந்தது.

"பயம்," என்றான்.

தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டான்.

"அன்னைக்குப் பேர் வைக்கிற வீட்டுல நல்லா குடிச்சிருந்தேன், தீதி. அடுக்களை இருட்டு. ரெண்டு டின்னு. கை ஒண்ணுல போச்சு. எதுலன்னு எனக்கே தெரியாது. பச்சைன்னு உங்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன். அப்புறம் டின்னைத் திறந்து பார்த்தா, தெரிஞ்சிருமேன்னு கம்பியைச் சுத்திட்டேன்." அக்காவின் உள்ளங்கையைக் காட்டினான். "கடி. எனக்கும் தெரியணும். எதுவா இருந்தாலும் சரி."

சருலி விதையை வாயில் வைத்தாள். அவள் வைத்ததை நான் பார்க்கவில்லை. முக்காடு குனிந்ததைப் பார்த்தேன்.

சத்தம் மேலே கேட்டது. சின்ன சத்தம்.

11

முடிவு (அ): உள்ளே வெள்ளை. அவள் தம்பியின் வழுக்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

முடிவு (ஆ): உள்ளே பழுப்பு. அவளும் அழுதாள், அவனும்

இரண்டையும் விட்டுவிடுகிறேன். நடந்தது இது. அவள் பாதி விதையைக் கையில் துப்பினாள். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்கத் துணியவில்லை. பிறகு கையை மூடிக்கொண்டாள். போகும்போதும் அந்தக் கை மூடியே இருந்தது.

"நீமா, தண்ணி கொண்டா. தொண்டையில நிக்குது."

குடித்தாள்.

"தேபுலி, டீயைச் சூடு பண்ணு."

தேபுலி அடுப்பை ஊதினாள். புகை பலகை வழியாக மேலே வந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கினேன்.

"சைத் முடிய இன்னும் நாள் இருக்கு," என்றாள் சருலி. "வழி ஞாபகம் இருக்கா, மறந்துட்டியா?"

"இருக்கு, தீதி." என்றான் ஹயாத். "என்ன கொண்டு வரட்டும்?"

"எதையாவது கொண்டா. விதை மட்டும் வேணாம்."

பிறகு மேலே பார்த்து, அதே குரலில்: "மாடியில இருக்கிறவரே, தும்முறதுன்னா தும்மிடுங்க. அடக்கினா மூளைக்கு ஏறும்."

தும்மினேன்.

12

ஹயாத் போய்வந்தான். பூரியும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு.

ஒன்பது செடியும் கொல்லையில் என்னைவிட உயரமாக நிற்கின்றன. கல்யாணத்துக்குள் விதை முற்றிவிடும். சாயங்காலங்களில் நீமா போனில் பூவாவிடம் பாட்டுப் படிக்கிறாள். பிள்ளையாரைத் தாண்டிவிட்டாள். ஹயாத் ஒவ்வொரு செடியாக நின்று பார்க்கிறான். இது பழைய டின் செடி, இது இல்லை என்று தினமும் ஒரு தீர்ப்பு. தினமும் வேறு செடி.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் நேற்று தேபுலி அந்தப் பழைய டின்னைக் கொண்டுவந்தாள், பென்சில் போட்டு வையுங்கள் தாஜ்யூ என்று. பென்சிலைப் போடும்முன் கவிழ்த்துத் தட்டினேன். வழக்கமாகத் தட்டுகிறதுதான்.

ஒரு விதை விழுந்தது. முழுசு. சாம்பல் நிறம், மேலே கோடு.

இந்தப் பக்கத்தின் மேல்தான் இருக்கிறது. முன்பற்களுக்கு நடுவில் இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் கீழே ஹயாத் சிரித்துக்கொண்டிருந்தான்.

தாளை மடிக்கிறேன். விதை உள்ளேதான். பிரித்தீர்கள் என்றால் பார்த்துப் பிரியுங்கள்; உருண்டு ஓடிவிடும். உங்களிடம் ஒரு தொட்டி மண் இருக்கலாம். பற்களும் இருக்கும்.